பேச்சியக்காவுக்குத் திரும்பி வந்த இளமை

நோயாளி வாய் திறந்து சொல்லாததை அவள் துணி சொல்லிவிடும் என்றால் நம்புவீர்களா? பதுளையில் பெண்கள் வார்டு ஆயா நான். வீட்டில் கைக்குழந்தையின் துணி, இங்கே வார்டுத் துணி. அலசி அலசியே கை வெளுத்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

களி கிண்டிய கதை

மடுல்சீமைத் தோட்டத்துப் பேச்சியக்கா வந்தது, காலில் தேயிலைக் கட்டை குத்திய புண்ணுக்கு. அது ஆறி, வீட்டுக்குப் போகவிருந்த சமயம் படுக்கையை மாற்றினேன். விரிப்பில் ரத்தம். புண்ணோ காலில்!

"என்னக்கா இது?" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பேரன் பிறக்கும் முன்பே மாதத் தூரம் நின்றுவிட்டதாம். பொங்கலுக்குப் பிறகு மறுபடி வருகிறதாம். இளமை திரும்பிவிட்டது என்று பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள் உளுந்தங்களி கிண்டி, மஞ்சள் தண்ணீரும் ஊற்றிக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள்.

"நீ ஏன் தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எம் புருஷனே புதுச் சேலை எடுத்துக் குடுத்துட்டாரு!"

வண்டியில் ஒரு கால்

டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்து, கருப்பையின் உள்ளிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வந்தது: கருப்பைக்குள் புற்று. நின்ற தூரம் திரும்பினால், ஒரு சொட்டானாலும் காட்ட வேண்டும் என்றார். வெளியே பரவினதாகத் தெரியவில்லை, இப்போதே கருப்பையை எடுத்தால் பிழைக்க வழியுண்டாம்.

அவள் புருஷன் முத்தையா கேட்டால்தானே! "அத எடுத்துட்டா அவ பொம்பளையா டாக்டரையா? ஏறு புள்ள" என்று மாட்டைப் பூட்டிவிட்டார். பேச்சியக்கா வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எடுத்தா பேரன் கல்யாணத்தப் பாப்பேனா தங்கச்சி?"

"எடுத்தா வழியிருக்குக்கா. எடுக்காட்டி இல்ல."

வைத்த காலைக் கீழே இறக்கினாள்.

"அஞ்சு பெத்தாச்சு. வெறும் பானையக் கட்டிக்கிட்டுச் சாகச் சொல்றியாய்யா? மாட்ட அவுத்து விடு!"

சன்னலோரம்

ஆபரேஷன் முடிந்தது. காய்ச்சல் விடவில்லை. உதட்டை ஈரத்துணியால் நனைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் என் பாடு. பக்கத்துக் கட்டில்காரி தீட்டென்று முகத்தைத் திருப்பினாள், "நோய்க்கு ஏதும்மா தீட்டு?" என்று அவள் கையிலேயே விசிறியைக் கொடுத்தேன். வீசினாள்!

தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி முத்தையா சன்னலுக்கு வெளியே அழுதுகொண்டே நின்றார். காய்ச்சல் தணிந்த காலையில் பேச்சியக்கா அவரைப் பார்த்துவிட்டாள்.

"சன்னலச் சாத்து தங்கச்சி! அவரு அழுற அழகுக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா தையல் இழுக்குது!"

வண்டி நிறையப் பெண்கள்

சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வண்டி. முன்னால் குந்தியிருப்பது யார்? கன்னம் பூரித்த பேச்சியக்கா! காலையில் பெரட்டுக்கு, பேர் கொடுத்து வேலை வாங்க வந்த பெண்களை நிறுத்திவைத்து எல்லாம் சொல்லியிருக்கிறாள். பாதிப் பேருக்கு முழங்கால் வலிதான். ஒருத்தி மட்டும் ஒதுங்கிப் பின்னால் நின்றாள்.

ஒருத்தியைக் குணமாக்கி அனுப்பினால் ஒரு வண்டிக் கூட்டம் வந்திறங்கும், நம் உத்தியோகம் அப்படி! நான் கிட்டப் போனதும் அந்தப் பெண் என் காதோடு சொன்னாள்:

"எனக்கும் திரும்பி வந்திருக்கு ஆயாம்மா. டாக்டரையாகிட்ட நானே சொல்லிக்கிறேன். பேச்சியக்காவ மட்டும் கொஞ்சம் வெளியில நிறுத்தி வைங்க."