மனுவில் நான் எழுதாத வரி

ஏசுதாசன் சாரைப் பத்தி எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவராலதான் இந்தத் தடவ வீட்டுக்குள்ள தண்ணி வரல." பொய் இல்ல, உண்மைதான். ஆனா அதைச் சொல்றவங்கள்ல ஒருத்தராவது அவர் கேட்டைத் திறந்து "சாப்டீங்களா சார்"னு கேட்டிருப்பாங்களான்னா, கிடையாது. நான் மட்டும் போயிட்டிருந்தேன். நல்ல மனசு இருந்து போகல. ஏன் போனேன்னு சொல்றேன்.

முடிச்சூர் தாண்டி, அடையாறு ஆத்தங்கரையில கடைசித் தெரு எங்களுது. வருஷத்துல ஒன்பது மாசம் அது ஆறே இல்ல, மண்ணும் நடுவுல கறுப்பா ஒரு சாக்கடையும்தான். தண்ணி இல்லாத ஆத்துல செடி சும்மா இருக்குமா? ரெண்டு வருஷம் மழை ஏமாத்தினா போதும், சீமைக்கருவேலம் மொத்தப் படுகையையும் வளைச்சுப் போட்டுடும். கரையோரமா நாணல், நொச்சி, புங்கம். அப்புறம் ஒரு டிசம்பர்ல அஞ்சு வருஷத்துத் தண்ணியும் ஒரே நாள்ல வந்து நிக்கும். வடிஞ்சப்புறம் மரக்கிளையில நைட்டியும் பாலித்தீன் பையும் எந்த உசரத்துல தொங்குதுன்னு பார்த்துதான் வெள்ளம் எவ்ளோ வந்துதுன்னு நாங்க பேசிக்குவோம்.

ஏசுதாசன் சார் ரயில்வேயில சிக்னல் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி அபிகாயில் டீச்சர். பிள்ளைங்க இல்ல. டீச்சருக்கு கிட்னி போய், வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல எங்க தெருவுல கழுத்தளவு தண்ணி. டீச்சரை மாடியில படுக்க வச்சுட்டு சார் துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். ஆத்துப் பக்கமா ஒரு ரப்பர் போட் வந்துது. வீட்டுக்கு முப்பதடி இருக்கறப்ப, தண்ணிக்கடியில மறைஞ்சு நின்ன சீமைக்கருவேல முள்ளு அதைக் கிழிச்சிடுச்சு. வந்த பசங்க உயிர் பிழைச்சா போதும்னு திரும்பிட்டாங்க. அடுத்த போட் வந்தது மூணாம் நாள். டீச்சர் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்து போய்ட்டாங்க.

அன்னிலேர்ந்து சாருக்கு ஆத்துல பச்சையா எதைப் பார்த்தாலும் ஆகாது. எல்லாத்தையும் வெட்டணும்னு எட்டு வருஷம் மனு கொடுத்தார். நான் ஒரு கம்பெனியில டைப்பிஸ்டா இருந்து ஓய்வு வாங்கினவ, எங்க தெரு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேற. எல்லா மனுவையும் டைப் அடிச்சுக் கொடுத்தது இந்த சந்திரிகாதான். மனுவோட பேச்சு முடிஞ்சிடும். அதுக்கு மேல யார்கிட்டயும் ஒரு வார்த்தை வராது அவருக்கு. ஒரே ஒருத்தரைத் தவிர.

அது அங்காளம்மாள். எதிர்க்கரையில ஆறு வளையற இடத்துல அவங்க கொட்டாய், மூணு எருமை. அந்தக் காலத்து ஊர்க்காரங்க. நிலமெல்லாம் மனையாப் போய், மிச்சம் இருந்தது அந்த ஆத்தோரத் துண்டுதான். வெயில் காலத்துல காஞ்ச ஆத்துக்குள்ளயே கேனைத் தூக்கிட்டு நடந்து வருவாங்க, மழையில பாலத்தைச் சுத்தி வருவாங்க. காலையில ஆறு மணிக்கு "சார், பாலு"ன்னு ஒரு குரல். டீச்சர் இருந்தப்ப அவங்களோட சிரிச்சுப் பேசிட்டுப் போவாங்க. டீச்சர் போனப்புறம் சார்கிட்ட பேச ஆரம்பிச்சாங்க. "இன்னா சார், நேத்தும் ரசம்தானா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? சட்டையப் பாரு, காலரு கறுத்துப் போய் கீது." பத்து நிமிஷம் அவரைத் திட்டிட்டுதான் நகருவாங்க. அவரும் பதிலுக்கு ஏதோ முணுமுணுப்பார், சில நாள் சிரிப்பார்கூட. ஒருநாள் எங்கிட்ட சொன்னார், "ஞாயித்துக்கிழமை கோவில்ல பாடறேன் மேடம். மத்த ஆறு நாளும் என் குரல் அந்தம்மாவுக்கு மட்டும்தான் கேக்குது."

இருபத்து மூணாம் வருஷம் கோடையில ஒருவழியா ஆத்தைச் சுத்தம் பண்ண உத்தரவு வரும்போல இருந்தது. கடைசி மனுவை நான் டைப் அடிச்சிட்டிருக்கேன், அங்காளம்மாள் எங்க வாசல்ல வந்து நின்னாங்க.

"மேடம், நீங்கதான் மனு எழுதறீங்களாமே. முள்ள எடுக்கட்டும், வேரோட எடுக்கட்டும். எங்க எருமைங்க காய துன்னு போட்ட சாணியிலதான் பாதி மொளச்சுது, அதுக்கு நானு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அந்த வளைவாண்ட கீற நாணலையும் புங்கத்தையும் மட்டும் வுடச் சொல்லி ஒரு வரி போடுங்க."

"நாணல் தண்ணியத் தடுக்கும்மா."

"எங்க தடுக்குது? வெள்ளம் வந்தா அது பாட்டுக்குப் படுத்துக்கும், தண்ணி மேல போவும், கீழ மண்ணு அசையாது. வடிஞ்சா திரும்பி எழுந்துக்கும். அத்தயும் புடுங்கிட்டா ஆறு நேரா எங்க கொட்டாய்க்குள்ளதான் வரும்."

"சரிம்மா, போட்டுடறேன்"னு சொன்னேன். போடல. ஒரே மனுவுல "எடுங்க"ன்னும் "எடுக்காதீங்க"ன்னும் எழுதினா, அதையே சாக்கா வச்சு ஆபீஸ்காரங்க மனுக்கட்டைத் தூக்கி மூலையில போட்டுடுவாங்கன்னு பயம். அது ஒரு காரணம். இன்னொண்ணையும் சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. அவங்க எங்க சங்கத்துல மெம்பர் இல்ல. எதிர்க்கரைக்காக நான் எதுக்கு மெனக்கெடணும்னு நினைச்சேன். சார்கிட்டயும் இதைச் சொல்லல. அவர் படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டார், என் மேல அவ்வளவு நம்பிக்கை.

ஆகஸ்டுல மிஷின் வந்து பத்தே நாள்ல ஆத்தை மொட்டை அடிச்சிடுச்சு. முள்ளு, நாணல், நொச்சி, புங்கம், எதுவும் மிச்சமில்ல. சார் தினமும் கரையில நின்னு பார்த்தார். கடைசி நாள் வீட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திட்டு அழுதார்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.

டிசம்பர்ல புயல். தண்ணி வந்துது, நிக்காம அம்பு மாதிரி ஓடுச்சு. எங்க தெருவுல கணுக்கால் அளவுதான். மாடியிலேர்ந்து எல்லாரும் கைதட்டாத குறை. விடியற நேரத்துல எதிர்க்கரை வளைவைப் பார்த்தா, கரையே இல்ல. கத்தியால கேக் வெட்டின மாதிரி மண்ணு செங்குத்தா நிக்குது. கொட்டாயோட பாதி ஆத்துல போயிடுச்சு. அங்காளம்மாள் எப்படியோ கயித்தை அறுத்து ஒரு எருமையைக் காப்பாத்திட்டாங்க. ரெண்டு போயிடுச்சு, அதுல ஒண்ணு சினை.

தண்ணி வடிஞ்ச மறுநாளே சார் பாலத்தைச் சுத்திட்டு அங்க போயிருக்கார். "என் வீட்டுப் பின்பக்கம் இடம் தரேன், மாட்டைக் கட்டிக்கோங்க"ன்னு சொல்லப் போயிருக்கார். அந்தம்மா அவரை ஏறெடுத்துப் பார்க்கல. கடைசியில சொன்னது இவ்வளவுதான்: "வளைவ வுடச் சொல்லி மேடம் எழுதினாங்க. நீதான் கோடு போட்டு அத்த அடிச்சிட்ட. உன் பொண்டாட்டிக்கு நானு மூணு நாளு சோறு துன்னாம அழுதேன் சார். நீ என் வாயில்லா ஜீவனுக்கு இன்னா பண்ண?"

சார் நேரா எங்க வீட்டுக்கு வந்தார். செருப்பெல்லாம் சேறு. "மேடம், வளைவைப் பத்தி ஏதாவது வரி இருந்ததா? நான் எதையாவது அடிச்சேனா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன், "ஞாபகம் இல்லயே சார்."

அவர் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார். தன் மேலயே சந்தேகம் வந்துடுச்சு அவருக்கு. துக்கத்துல ஏதோ பண்ணித் தொலைச்சிருப்போம்னு நம்பிட்டார். பொங்கலுக்கு சங்கத்துல அவருக்குப் பொன்னாடை போத்தினோம். பாராட்டுரை வாசிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான், கூச்சமே இல்லாம. அவர் பொன்னாடையைக் கழட்டி நாற்காலி மேலயே வச்சிட்டுப் போயிட்டார். அதே மாசம் அங்காளம்மாள் மிச்சமிருந்த எருமையை வித்துட்டு, படப்பையில இருக்கற மக வீட்டுக்குப் போயிட்டாங்க. சார் வீட்டு கேட்டுல பாக்கெட் பால் பை தொங்க ஆரம்பிச்சுது. போடறவன் வண்டியிலேர்ந்து இறங்கறதுகூட இல்ல.

நான் போக ஆரம்பிச்சது அப்பதான். வாரத்துக்கு ரெண்டு நாள், குழம்போ பொரியலோ எடுத்துட்டு. அவர் சாப்பிடுவார், நான் எதிர்ல உக்காந்திருப்பேன். ஒரே பேச்சுதான் பேசுவார். "அந்தம்மா என்னை மன்னிச்சு ஒரு வார்த்தை பேசினா போதும் மேடம். போட் கிழிஞ்சப்ப முள்ளு மேல கோவப்பட்டேன். இப்ப என் மேலயே கோவமா இருக்கு. இதை எங்க கொண்டுபோய் வெட்டறது?" ஒரு வருஷம் இதைக் கேட்டேன். கேட்டுட்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊத்துவேன், அவ்வளவு கல்நெஞ்சு.

இந்த ஜனவரியில சொல்லிட்டேன். திட்டம் போட்டு இல்ல. மோர்க்குழம்பு ஊத்திட்டிருந்தேன், அவர் மறுபடி ஆரம்பிச்சார், என்னால முடியல. "சார், நீங்க எதையும் அடிக்கல. நான்தான் எழுதல"ன்னு சொன்னேன்.

அவர் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தட்டை மெதுவா தள்ளி வச்சார். கை கழுவினார். வந்து என் பாத்திரத்தைக் கழுவித் துடைச்சு கையில கொடுத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன மேடம். அவங்ககிட்ட போய் சொல்லுங்க"ன்னார். நான் வெளிய வந்ததும் கேட்டுக்கு உள்பக்கமா பூட்டுப் போடற சத்தம் கேட்டுது.

மறுநாள் படப்பைக்கு பஸ் ஏறினேன். அங்காளம்மாள் மக வீட்டுல துணி மடிச்சிட்டிருந்தாங்க. பாதியா இளைச்சிருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணு விடாம. என்னைத் திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். அவங்க என்னைக் கண்டுக்கவே இல்ல.

"அப்ப சார் மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா."

"ஒரு வருசமா அந்த மனுசன நாசமாப் போன்னு சாபம் வுட்டுகினு கீறேனே மேடம்." முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "துன்றாரா ஒழுங்கா?"

"தனியா கஷ்டப்படறார். நேத்து எனக்கும் கேட்டைப் பூட்டிட்டார். நீங்க ஒரு தடவ வந்து பேசுங்கம்மா. வேற யார் பேசினாலும் அவருக்கு ஆறாது. நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்."

வரமாட்டேன்னு சொல்ற முகம் இல்ல அவங்களுது. வரணும்னு ஆசையும் தெரிஞ்சுது. அப்புறம் மடிச்ச துணியையே மறுபடி பிரிச்சு மடிச்சாங்க.

"அவுரு படிச்ச மனுசன், நான் பாலு ஊத்தறவ. பாலு இருந்துச்சு, போனேன், கூப்ட்டேன். இப்ப கையில ஒண்ணுமில்லாம அவுரு வூட்டு வாசல்ல நின்னு, இன்னான்னு மேடம் கூப்பிடறது?"

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துது. பதினாறு வருஷமா "சார், பாலு"ன்னே கூப்பிட்டுப் பால் ஊத்தியும் அவர் பேரு அவங்களுக்குத் தெரியாதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.