கிராதியைப் பெயர்த்த சனிக்கிழமை

மேடை ஏறிச் சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சபையில் யாராவது கேட்டால், "இவரைக் கூப்பிடுங்க, இவர் நல்லாப் பேசுவார்" என்று வீட்டுக்காரரைக் காட்டிவிட்டு நழுவிவிடுவேன். ஆனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். படுத்துக் கிடந்த அவருக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. நடந்ததை எல்லாம் பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. டெல்லியில் கரோல் பாகில், ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி அறையில் நாங்கள் குடியிருந்தோம். இவர் கல்லூரி மாணவர்கள் நடுவே முழுநேர ஊழியர். நான் புசா ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வேதபாடத்துக்கு வருவார்கள். மிசோரம், ஒரிசா, கேரளா, பீகார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர். பாடம் முடிந்ததும் சாப்பாடு. சாப்பாடு என்றால் வேறு யார், நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. கோடையில் அந்த மாடி அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்த்தால் விரல் மரத்துப்போகும். விடியற்காலையில் மோட்டார் போடாவிட்டால் அன்று முழுவதும் தண்ணீர் கிடையாது. வாரமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள். மூன்று வருஷம் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று சுற்றி வருவார்கள். பட்டம் வாங்கிப் போன பிறகு ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்துக்கூட வராது. கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் சொல்வார்கள். நாங்கள் சோறும் கட்டிக் கொடுத்தோம், சொல்லும் சொல்லிக் கொடுத்தோம். இரண்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்த வருஷத்தோட போதும்ங்க. ஊரைப் பாக்கப் போயிருவோம்" என்று இவரிடம் சொல்லியிருந்தேன். "ஆண்டவர் சொல்லட்டும், போவோம்" என்பார். ஆண்டவர் இவரிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, என்னிடம் பேசுகிற மாதிரியும் இல்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம் வந்துவிடும்.

இவர் பாடம் நடத்துகிற விதம் வேறு எனக்கு எரிச்சல். இவர் பிரசங்கம் செய்யமாட்டார். எல்லோரும் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். பிறகு இவர் கேள்வி மட்டும் கேட்பார். இங்கே என்ன நடக்கிறது? இதற்கு என்ன அர்த்தம்? அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்? பதில் பிள்ளைகள் வாயிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் இவர் வாயிலிருந்து வராது. அதுதான் இவர்கள் ஊழியத்தின் முறையாம். அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் என் சோறு ஆறி அவலாகிவிடும்.

ஒரு குளிர்காலத்தில் மாடி வெயிலில் உட்கார்ந்து, நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கிய பகுதியைப் படித்தார்கள். அன்றைக்கு ஒரே ரகளை. அடுத்தவன் வீட்டுக் கூரையைப் பிரிப்பது சரியா? அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது யார்? இயேசு யாருடைய விசுவாசத்தைப் பார்த்தார், படுத்திருந்தவனுடையதையா, தூக்கி வந்தவர்களுடையதையா? இதெல்லாம் போதாது என்று இவர் கடைசியாக ஒன்று கேட்டார்: கயிற்றில் தொங்கினானே அவன், அவனுக்கு அப்போது மனதில் என்ன இருந்திருக்கும்? ஒருவன் சந்தோஷம் என்றான். ஒருவன் வெட்கம் என்றான். குக்கரை இறக்கிக்கொண்டே, "அவனுக்குப் பசிச்சிருக்கும், வாங்க சாப்பிட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலம்தான் அது நடந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் மாடி ஏறமாட்டேன் என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். இவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். மேல்படியில் முதுகில் ஏதோ பிடித்தது. தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கப் பார்த்தவர், "ஏய், கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சிறுநீரும் போகவில்லை.

எங்கள் சபையில் ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். கீழ்வீட்டு டெலிபோனில் கூப்பிட்டதும் ஓடி வந்தார்கள். பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியே வெளியே அழைத்தார்கள். "முதுகுத் தட்டு நழுவி நரம்பை அழுத்துது. உடனே ஆபரேஷன் பண்ணியாகணும். தள்ளிப்போட்டா ரெண்டு காலும் திரும்ப வராமலே போயிரலாம். முதுகு மட்டும் வளையவே கூடாது. பலகையில படுக்க வச்சபடிதான் இறக்கணும்" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆம்புலன்ஸையும் வரவழைத்தார்கள்.

இறக்குவதுதான் எப்படி? எங்கள் மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வருவது ஒரு சுருள் இரும்புப் படி. ஒல்லியான ஆளே ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "நஹீன் முடேகா, மேடம்." திருப்பவே முடியாது என்று சொல்லிவிட்டு, வண்டியில் காத்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனார்கள். டாக்டரம்மா ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்ய முன்னால் கிளம்பினார்கள். "எப்படியாவது கொண்டு வந்து சேர்த்துருங்க" என்றார்கள். எப்படியாவது என்றால் எப்படி?

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கொடியில் காய்ந்த இவருடைய சட்டை என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. இதற்குத்தானா எங்களை இங்கே கொண்டு வந்தீர் என்று ஒரு கோபம். குணமாக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை, அதற்கெல்லாம் என்னிடம் விசுவாசம் இல்லை. "ஆண்டவரே, கீழ இறக்கித் தாரும். இந்த ஒரு மாடி மட்டும் போதும்" என்றேன். ஆமென்கூடச் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அப்போது அந்தப் படியில் செருப்புச் சத்தம். சனிக்கிழமை மதியம் அல்லவா? பாடத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு எங்கே நினைவிருந்தது? முதலில் ஏறி வந்தவன் சுவாலா, மிசோரம் பையன், பேச்சே கம்மி. அவன் பின்னால் ரூத். டெல்லி மோதி பாகிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழில் பாதி இந்திதான்.

"ஆன்ட்டி, க்யா ஹுவா? அங்கிள் ஏன் தரையில படுத்திருக்காங்க?"

சொன்னேன். சுவாலா சுருள் படியைப் போய்ப் பார்த்தான். பிறகு மாடி நடுவே வந்து குனிந்து நின்றான். டெல்லியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் போக, மாடித் தரையின் நடுவில் இரட்டைக் கட்டில் அகலத்துக்குத் திறப்பு விட்டு, அதன்மேல் இரும்புக் கிராதி போட்டிருப்பார்கள். வெயில் நாளில் அதன்மேல்தான் நாங்கள் வடகம் காயவைப்போம்; மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காமல் தார்ப்பாய் விரித்திருப்போம். கிராதி இரண்டு பாதியாக இருந்தது. சுவாலா தார்ப்பாயை விலக்கிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தான். எல்லோருக்கும் அந்தக் கூரைப் பாடத்தின் நினைப்பு வந்தது முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரர் மல்ஹோத்ராஜி கூடத்துக்கு நேர் மேலே. அவருக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே ஆகாது. பிள்ளைகள் பாடினால் கீழிருந்து கம்பால் கிராதியைத் தட்டுகிற மனுஷர். ரூத் போய் அவரைக் கையோடு அழைத்து வந்தாள். "பாகல் ஹோ? பாரிஷ் கா மௌசம் ஹை!" என்று கத்தினார். மழைக்காலத்தில் கிராதியைப் பெயர்ப்பதா, பைத்தியமா உங்களுக்கு என்று. ரூத்தும் விடவில்லை. "அங்கிள்ஜி, நாங்களே திரும்பப் போட்டுத் தருவோம், பக்கா" என்று இந்தியில் மன்றாடினாள். அவர் அறை வாசலில் நின்று இவரை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே டங், டங் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மல்ஹோத்ராஜி ஏணி போட்டு நின்று, துருப்பிடித்த போல்ட்டுகளைக் கீழிருந்து சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பெயிண்ட் உதிர்ந்து அவர் தலையெல்லாம் வெள்ளை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. கிராதியின் ஒரு பாதியைப் பெயர்த்து எடுத்தார்கள். தெருமுனையில் கல்யாணப் பந்தல் போடுகிற டென்ட் ஹவுஸ் உண்டு. இரண்டு பேர் ஓடிப்போய் அங்கிருந்து தடிக்கயிறு கொண்டு வந்தார்கள். அந்தக் கடை ஆட்களும் கூடவே வந்துவிட்டார்கள். திவான் கட்டிலிலிருந்து பலகையைக் கழற்றி, இவரை அசையாமல் அதற்கு மாற்றி, என் சேலைகளால் நெஞ்சிலும் இடுப்பிலும் தொடையிலும் கட்டினார்கள். பந்தல் ஆட்கள் முடிச்சுப் போட்டார்கள். வேதத்தில் நாலு பேர் தூக்கினார்கள். இவர் உடம்புக்கு நாலு பேர் எந்த மூலைக்கு? மேலே இருந்த எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். சுவாலா "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று சொல்லச் சொல்ல, மெல்ல மெல்ல விட்டோம்.

பாதி வழியில் பலகை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். அப்போது கீழிருந்து இவர் குரல் கேட்டது.

"டர் லக்தா ஹை, பாய். பயம்தான். அவனுக்குப் பயமாத்தான் இருந்திருக்கும்."

அத்தனை வருஷத்தில் இவர் பாடத்துக்குப் பதில் சொன்னது அன்றுதான். சுவாலா கயிற்றைப் பிடித்தபடியே சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கீழே மல்ஹோத்ராஜியும், மறுபடி ஏறி வந்திருந்த ஆம்புலன்ஸ் ஆட்களும் கை நீட்டிப் பலகையை வாங்கினார்கள். அங்கிருந்து அகலமான படி. எளிதாகக் கொண்டு போய்விட்டார்கள்.

நான் கேட்டது ஒரு மாடி. ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லை. அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஸ்தோத்திரம். பல மாதம் பிடித்தது. குச்சி ஊன்றினார், பிறகு குச்சியை விட்டார். இடது பாதம் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். அதையும் ஆண்டவர் சரியாக்கலாம், ஆக்காமலும் இருக்கலாம். நடக்கிறார், எனக்கு அது போதும்.

சொன்னபடி பிள்ளைகள் கிராதியைத் திரும்பப் போட வந்தார்கள். மழையில் நனைந்த கூடத்தைத் துடைத்துக் கொடுத்தவளும் ரூத்துதான். ஆனால் மல்ஹோத்ராஜி அதை அப்படியே பூட்ட விடவில்லை. வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு, அந்தப் பாதிக்குக் கீல் வைத்து, கதவு மாதிரித் திறக்கும்படி செய்துவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "பிர் ஜரூரத் படீ தோ?" என்றார். மறுபடி தேவைப்பட்டால்? அதற்குப் பிறகும் பாட்டுச் சத்தம் கேட்டால் கம்பால் தட்டத்தான் செய்தார். அது வேறு விஷயம்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. சொல்லிக் கொடுத்த சொல் எங்கே போயிற்று என்று புலம்பினேனே, அது என் கண்ணெதிரே கயிற்றைப் பிடித்து நின்றது. இனி எதைச் சொல்லிப் பெட்டி கட்டுவேன்? இவர் படுக்கையில் இருந்த மாதங்களில் பிள்ளைகளே முறை வைத்துப் பாடம் நடத்தினார்கள். இவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இயேசு பார்த்தது யாருடைய விசுவாசம் என்று அன்று வாதாடினார்களே, அதற்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். அந்தச் சனிக்கிழமை என்னிடம் விசுவாசம் இல்லை. பலகையில் கிடந்தவர் அவர் மட்டும் இல்லை, நானும்தான். எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களைப் பார்த்தார்.

அதனால் இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, ஜெபிக்க வாய் வராத அளவுக்கு நீங்கள் களைத்துப்போயிருந்தால், உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். யாரிடமாவது சொல்லுங்கள். பெரிதாகக் கேட்க முடியாவிட்டால் ஒரு மாடி அளவுக்குக் கேளுங்கள். அதையும் கேட்க முடியாவிட்டால் சும்மா படுத்திருங்கள். கயிறு பிடிக்க ஆட்களை அவர் அனுப்புவார். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

இன்றைக்கும் சனிக்கிழமைதான். எனக்கு இடுப்பு வலி, மோட்டாரும் ரிப்பேர். என்ன செய்ய, பிள்ளைகள் வருகிற நேரமாகிவிட்டது. போய் அரிசியைக் களைந்து வைக்க வேண்டும்.