டீச்சர் ஒட்டிக் கொடுத்த உறை

என் அம்மா பெய்-சுவான் தைவானின் ஜியாயி நகரில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கடையில் வேலை செய்கிறாள். பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினாலும் யாருக்கு முட்டை ரொட்டி, யாருக்குச் சர்க்கரை போடாத சோயாப்பால் என்பது அவளுக்குத் தவறாது. அதே அம்மா வீட்டில் மெஷினில் துவைத்த துணியை மறந்துவிட்டு, நாற்றமடித்த பிறகு மறுபடி துவைப்பாள். ஒரே துணி மூன்று முறை துவைபட்டதும் உண்டு.

தங்கை யூ-ஃபான் இரண்டாம் வகுப்பு. அவளுடைய பள்ளி டைரியில் தினமும் டீச்சரின் சிவப்பு மை இருக்கும். 'இடத்தில் உட்காரவில்லை.' 'பென்சில் இல்லை.' 'நேற்றும் பெற்றோர் கையெழுத்து இல்லை.' கடைசி வரி அம்மாவுக்கு.

கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார் டீச்சர். மூன்று மாதம் காத்திருந்து ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகளைக் கலைத்து வேறு வேறு டீச்சர்களிடம் பிரித்துவிடுவார்கள். அதற்குள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பொறுமையான ஒரு டீச்சரைப் பள்ளியே பார்த்துப் போடும். யூ-ஃபான் வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று டீச்சர் நான்கு பக்கம் நிரப்பி, மருத்துவருக்கென்று உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். மறக்கக் கூடாதென்று அம்மா அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

திங்கள் மாலை குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. எங்கள் தெருவில் அது மூன்று நிமிடம்தான் நிற்கும்; அதற்குள் குப்பையை நாமே கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்தப் பாட்டு கேட்டால் அம்மாவுக்கு வேறெதுவும் கேட்காது. "டேய், மிச்சச் சோத்து வாளிய எடுடா!" என்று கத்திவிட்டு, மேசையிலிருந்த காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினாள். நான் வாளியோடு பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்ததும், "மேசை எவ்ளோ சுத்தமா இருக்கு பாத்தியா?" என்றாள்.

"என் கவர் எங்கம்மா?" என்றாள் யூ-ஃபான்.

ஸ்கூட்டரில் துரத்தி, இரண்டு தெரு தள்ளி வண்டியைப் பிடித்தோம். வண்டியில் பழைய காகிதத்தைப் பிரித்துப் போடுகிறவர் மூட்டைகளைக் காட்டினார். "அக்கா, இதுல எதுன்னு தேடுவீங்க? எனக்கு இன்னும் பத்துத் தெரு இருக்கு."

குப்பை போட வரிசையில் நின்ற, அம்மாவின் கடை வாடிக்கைக்காரி ஒருத்தி, "போன வாரம் ஒத்தச் செருப்பு, இந்த வாரம் காகிதமா? அடுத்த வாரம் புள்ளையவே போட்ருவ போல, பெய்-சுவான்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் கை மட்டும் மூட்டைக்குள் துழாவிக்கொண்டே இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

மறுநாள் மருத்துவர் கோபப்படவில்லை. "பள்ளி என்ன சொல்லுதுன்னு தெரியாம நான் எதுவும் எழுத முடியாதும்மா," என்றார். டீச்சர் மறுபடி நிரப்பித் தர ஒத்துக்கொண்டார். ஆனால் மருத்துவரிடம் அடுத்த இடம் ஆகஸ்ட் கடைசியில்தான். அதற்குள் வகுப்பைப் பிரித்துவிடுவார்கள்.

பெற்றோர் நிரப்ப வேண்டிய தாளை நர்ஸ் கொடுத்தார். பாதியில் அம்மா பேனாவை நிறுத்தினாள்.

"சாமான தொலைக்கிறாளா, ஆரம்பிச்சத முடிக்காம விடுறாளான்னு கேக்குறாங்கடா. இது யாரப் பத்தி?"

பெரியவர்களையும் பார்ப்பார்களா என்று நான் நர்ஸிடம் கேட்டேன். பெரியவர்களுக்கு மூன்றாம் மாடி, அங்கே அக்டோபருக்கு மேல்தான் இடம் என்றார் நர்ஸ். யூ-ஃபான் அதற்குள் லிஃப்ட் பொத்தான்களையெல்லாம் அழுத்திவிட்டிருந்தாள்.

ஆகஸ்ட் தேதி எழுதிய அட்டையை அம்மா என்னிடம் நீட்டினாள். "நீ வச்சுக்கடா. என்கிட்ட வேணாம்."

பள்ளி முடித்த ஒரு வருடத்தில் நான் நான்கு வேலைகளைப் பாதியில் விட்டவன். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. அட்டையை வாங்கிப் பையில் வைத்தேன். வாசலுக்குப் போவதற்குள் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.