வாய் அகன்ற லென்ஸ்

உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார். முதலில் அறையின் பின்சுவரைத் தேடிப்போய் முதுகை ஒட்டிக்கொள்வார். அங்கிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரே இருப்பவரின் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும் இதையேதான் செய்தார். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு எந்தச் சுவரை யார் உற்றுப் பார்த்தாலும் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வரும். ஈரக்கசிவு ஏதாவது கண்ணில் பட்டுவிட்டதோ என்று கேட்டேன்.

"சுவருக்கு என்ன, ஜம்முனு இருக்கு தம்பி. இங்கருந்து ஒரு நூத்து முப்பத்தஞ்சு வச்சு எடுத்தா உங்க முகம் அம்சமா வரும்," என்றார்.

அது லென்ஸ் கணக்கு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கீழ்வீட்டுக்காரர். பெயிண்ட் கடையில் கவுண்டருக்குப் பின்னால் வேலை. யாராவது ஒரு துண்டுத் துணியையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ நீட்டி இதே நிறம் வேண்டும் என்றால், அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாயங்களைச் சொட்டுக் கணக்கில் விட்டு, டப்பாவை மூடி, குலுக்கும் இயந்திரத்தில் மாட்டிவிடுவார். அது தடதடவென்று ஆடும்போது கவுண்டர், பில் குத்தும் கம்பி, அவருடைய கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடும். தெருவுக்கே அவர் பெயிண்ட் அண்ணன். அந்த உரிமையில் அவர் மனைவி எல்லோருக்கும் அண்ணி.

வார இறுதிகளில் அண்ணன் வேறு ஆள். பிறந்தநாள், பரிசளிப்பு, பணி ஓய்வு விருந்து என்று எந்த மண்டபத்தில் விளக்கு எரிந்தாலும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீண்ட ஜூம் லென்ஸுடன் நிற்பார். காசு வாங்க மாட்டார். சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் இடம் பிடித்து வைக்க வேண்டும். ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று கேட்டால் தயாராகப் பதில் வைத்திருக்கிறார்.

"கிட்டப் போனா மூக்குதான் முந்திக்கிட்டு வரும். தள்ளி நின்னு ஜூம் பண்ணா மூக்கு அதோட எடத்துல போய் உக்காந்துக்கும். அதுவும் இல்லாம, போட்டோக்காரன் பக்கத்துல நிக்கிறான்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்க பல்லு டாக்டர்கிட்ட காட்டுற மாதிரிதான் சிரிப்பாங்க."

பிளாஷ் போட மாட்டார். போட்டால் எல்லோரும் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி முழிப்பார்களாம்.

அண்ணி இதற்கு நேர் எதிர். எங்கும் முன்வரிசை. மண்டபத்தில் அவருக்குத் தெரியாதவர் கிடையாது. ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரைக் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டு மூன்றாமவரை நோக்கி நடப்பார். அந்த நடை எப்போதும் அண்ணனுடைய லென்ஸுக்குக் குறுக்கேதான் போகும். வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் பாதிப் படங்களின் மூலையில் ஒரு கொண்டை இருக்கிறது. "கையெழுத்துப் போட்டிருக்கா பாருங்க," என்று அண்ணன் விரலால் காட்டுவார். காமிராவுக்கு அண்ணி வைத்திருக்கும் பெயர் சக்களத்தி. "சக்களத்திக்குத் தனி அலமாரி, தனிப் பை, பட்டுத் துணியில துடைப்பு. எனக்கு? கதவுக்குப் பின்னால ஒரு ஆணி!"

இந்த வீட்டில் வெகுநாள் எனக்குப் புரியாத ஒன்று, அண்ணன் குடிக்கும் தேநீர். எங்களுக்கெல்லாம் விளிம்புவரை ஊற்றும் அண்ணி அவருக்கு மட்டும் அரைக் கோப்பைதான் ஊற்றுவார். குடித்ததும் இன்னொரு அரை. சர்க்கரையோ, வைத்தியர் சொன்ன கட்டுப்பாடோ என்று யோசித்தேன். கையெழுத்துப் போடும்போது முழங்கையை மேசையில் அழுத்திக்கொள்வதையும், கைபேசியை இரு கையாலும் பிடிப்பதையும் கவனித்தேன். ஒருநாள் அண்ணி இல்லாத நேரத்தில் தானே தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி தட்டில் இருந்தது.

"பாத்துட்டீங்க," என்றார். "அந்தக் குலுக்குற மெஷினு என்னைப் பிடிச்சுக்கிச்சு தம்பி. டாக்டரு ஆபத்து ஒண்ணும் இல்லேங்கிறாரு. ஆனா போகாதாம். கூடவே வருமாம், பொண்டாட்டி மாதிரி."

சிரித்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அப்புறம் சொன்னார். சும்மா இருக்கும்போது நடுக்கம் தெரியாது. எதையாவது தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். காமிரா என்பது தூக்கிப் பிடிக்கும் பொருள்.

அவருடைய பழைய ஜூம் மலிவானது, எட்டிப் பார்ப்பதில் கெட்டிக்காரன், ஆனால் உள்ளே வெளிச்சம் வாங்கும் வாய் சின்னது. மங்கலான மண்டபத்தில் அந்தச் சின்ன வாய் நிதானமாகத்தான் வெளிச்சத்தைக் குடிக்கும். அதுவரை எடுப்பவர் கல்லாக நிற்க வேண்டும். இத்தனை வருடம் நின்றார். கடைசியாக எடுத்த பரிசளிப்புப் படங்களில் கோப்பைகள் எல்லாம் இரட்டை இரட்டையாக இருந்தன. விளக்குச் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணியின் தங்கை மகள் கல்யாண வரவேற்புக்குச் சொல்ல வந்தாள். "பெரியப்பா, போட்டோவுக்கு நாங்க வேற ஆளே சொல்லல. நீங்க எடுத்தாத்தான் என் மூக்கு மூக்கா இருக்கும்." அவர் உடனே சரி என்றார். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் மாடிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, ஒரு லென்ஸ் பாக்கணும். புள்ளையோட கல்யாணம். திருப்பி எடுக்க முடியாது."

அன்றிலிருந்து என் சமையலறை மேசை லென்ஸ் மேசையாயிற்று. ஆங்கில விமர்சனங்களை நான் படித்துச் சொல்ல, அவர் தம் பாஷைக்கு மாற்றிக்கொள்வார். முன்னூறு மில்லிமீட்டர் வரை எட்டுவது முதலில் அடிபட்டது: "இதுவும் வாய் சின்னது. மண்டபத்துக்குள்ள முன்னூறு எதுக்கு, பந்தியில யாரு எத்தனை வடை எடுக்குறான்னு எண்ணவா?" எழுபதிலிருந்து இருநூறு போதும். அதிலும் வாய் அகன்று, கை ஆட்டத்தையும் தானே அடக்கிக்கொள்ளும் புதிய ரகத்தின் விலையைப் பார்த்ததும், "அடுத்த பக்கம் போங்க," என்றார். மிஞ்சியவை இரண்டு. ஒன்று லேசானது, ஆட்டம் அடக்கும், வாய் நடுத்தரம். மற்றது பழைய காலத்து ரகம். வாய் அகலம், கனம் அம்மிக்குழவி, ஆட்டம் அடக்கும் வேலை அதற்குத் தெரியாது.

"ஆட்டம் அடக்குறதுதான்," என்றார் யோசிக்காமல். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

பழைய காமிராக் கடைக்காரர் அதை ஒரு வார இறுதிக்கு நம்பிக் கொடுத்தார். எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் விழாவில் அண்ணன் அதை வைத்து எடுத்துத் தள்ளினார். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், நாற்காலிகளின் ஆணிகூடத் தெரிகிறது. திரைச்சீலையின் தையல் தெரிகிறது. கேக்கின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கலாம். அதை வெட்டிய குழந்தைக்குத்தான் முகம் இல்லை. ஓடிய பிள்ளைகள், கை தட்டிய பெரியவர்கள் எல்லோரும் புகை. லென்ஸ் அடக்கியது எடுப்பவரின் ஆட்டத்தை மட்டும்தான். ஆடுகிற மனிதர்களைப் பிடிக்க வேண்டுமானால் காமிரா கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திறந்து மூட வேண்டும். அதற்கு வாய் அகலமாக இருந்தே ஆக வேண்டும்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "நாற்காலிக்கெல்லாம் வரன் பாக்கலாம் போல, அவ்வளவு லட்சணமா இருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்துவிட்டு, அரைக் கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வாரம் மூவருமாகக் கடைக்குப் போனோம். அண்ணி பக்கத்துக் கடையில் செருப்பு மாற்றப் போய்விட்டார். கடைக்காரர் பழைய அகல வாய் லென்ஸை எடுத்துக் காமிராவில் மாட்டிக் கொடுத்தார். அண்ணன் வழக்கப்படி பின்சுவருக்குப் போனார். என்னை வாசலருகே நிறுத்தித் தலையை ஆட்டச் சொன்னார். எடுத்தார். பார்த்தார். மறுபடி எடுத்தார். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு பார்த்தார், அலமாரியில் சாய்ந்து பார்த்தார். வாசலில் நின்றாலும் எனக்குக் கண்ணெல்லாம் அந்தக் கனத்தின் மேலேயே இருந்தது. விழுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க முடியுமா என்று தூரத்தைக் கணக்குப் போட்டேன்.

"கோளாறு இருக்கும்போல," என்றார் அண்ணன்.

கடைக்காரர் வாங்கி ஒரே ஒரு படம் எடுத்தார். என் கன்னத்தில் சவரம் விட்டுப்போன இடம்கூடத் தெரிந்தது. அவர் படத்தைப் பார்த்தார், அண்ணனுடைய கையைப் பார்த்தார். "லென்ஸு நல்லா இருக்குண்ணே," என்றார் மெதுவாக. "ஒத்தக்கால் ஸ்டாண்டு ஒண்ணு தரட்டுமா? ஊனிக்கிட்டா அசையாது."

"வேணாம். கம்பு ஊனிக்கிட்டு நின்னா மண்டபமே வந்து கேக்கும், அண்ணனுக்கு என்னாச்சுன்னு." காமிராவைக் கீழே வைக்காமல், தூக்காமல், நெஞ்சருகே பிடித்துக்கொண்டு நின்றார். "கல்யாணப் புள்ளகிட்ட சொல்லிடலாம் தம்பி. வேற ஆள் பாத்துக்கச் சொல்லி."

அதைக் கேட்டுக்கொண்டேதான் அண்ணி செருப்புப் பையுடன் உள்ளே வந்தார். வந்தவர் நேராக அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றார், வேறு எங்கு நிற்பார்?

"குறுக்க நிக்காதடி!"

"இருபது வருஷமா குறுக்கதான் நிக்கிறேன். இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" அண்ணி திரும்பவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகினார். "கல்லு மாதிரிதானே நிக்கணும்? வையுங்க மேல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணன் கொஞ்சம் குனிந்து, லென்ஸை அண்ணியின் வலது தோளில் வைத்தார்.

"மூச்சு விடலாமா?"

"விடு. பேசாத."

"அதுதான் கஷ்டம்," என்று அண்ணி சொன்னதில் ஒரு படம் போயிற்று. அடுத்ததில் அண்ணியின் காதுத் தொங்கட்டான் ஆடி லென்ஸில் டிங்கென்று இடித்தது. கடைக்காரர் தன் கண்ணையே யாரோ குத்தியதுபோல், "ஐயோ அண்ணி, கீறல் விழும்!" என்றார். மூன்றாவதில் நான் பாதி திரும்பிய நிலையில் அப்படியே பிடிபட்டிருந்தேன். என் முகத்தில் இருந்த கவலை எனக்கே புதிதாக இருந்தது. மூக்கு அதன் இடத்தில் இருந்தது.

"சக்களத்தியத் தூக்கி என் தோள்லயே வச்சாச்சு," என்றார் அண்ணி. "பில்லப் போடுங்க."

வரவேற்பு நடந்த மண்டபம் அகலமானது, விளக்கு மட்டமானது. அண்ணன் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றார். அண்ணி முன்வரிசையில் யாருடனோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதற்கோ ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. அண்ணி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, வழியில் விசாரித்தவர்களிடம், "சும்மா, காத்து வாங்க," என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அண்ணனுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். நின்றபடியே வலது காதின் தொங்கட்டானைக் கழற்றி, திரும்பிப் பாராமல் கையைப் பின்னுக்கு நீட்டி, அவர் சட்டைப் பையில் போட்டார்.