வெறும் வயிற்றோடு ஒரு பல்

கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப்பல் போனபின், எனக்கும் கணவாய்மீன் கறிக்கும் நடந்ததெல்லாம் மல்லுக்கட்டுத்தான். பொய்ப்பல் கட்டிப் பார்த்தேன். நான் சிரிக்குமுன் அது சிரித்தபடி வெளியே வந்தது. எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம் என்றார் நகரத்திலுள்ள பல் டாக்டர் அம்மா. கூடவே என் சீனி வருத்தத்தையும் நினைவூட்டினார்: இரத்தத்தில் சீனி கூடி நின்றால் புண் ஆறாது, எலும்பு திருகாணியைப் பிடிக்காது.

முதல் தடவை போனபோது சீனி ஏறியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார். சில மாதங்கள் சோற்றைக் குறைத்து, துறைமுக வீதியில் மூச்சிரைக்க நடந்தபின்தான் மறுபடி நாள் குறித்தார்.

"காலமை வழமை மாதிரிச் சாப்பிட்டு, குளிசையும் போட்டுக்கொண்டு வாங்கோ ஐயா."

சீனியை இறக்கும் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கினேன். சாப்பாட்டில்தான் என் மூளை வேலை செய்தது. வெறும் வயிற்றோடு போனால் சீனி இன்னும் இறங்கி நிற்குமே! மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, இடியப்பத்தைப் பின்வளவுக் காகங்களுக்கு வைத்தேன்.

டாக்டர் விரலில் குத்திப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "சாப்பிட்டனீங்கள்தானே?" என்றார். தலையாட்டினேன். ஊசி போட்டு, முகத்தைப் பச்சைத் துணியால் மூடினார். நொந்தால் இடக்கையை உயர்த்தச் சொன்னார். உடனே உயர்த்தினேன்.

"என்ன ஐயா, நோகுதோ?"

"இல்லை. கை வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

பக்கத்தில் நின்ற தாதி சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பல்லடி முரசைக் கீறி எலும்பில் துளையிடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கழுத்தில் குளிர்ந்த வியர்வை வழிந்தது. நெஞ்சு படபடத்தது. இது பயமில்லை, சீனி இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். கையை உயர்த்தினால் வேலையை நிறுத்திவிடுவார். பட்ட பாடெல்லாம் போய்விடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கதிரையின் பிடியை இறுக்கினேன்.

"தாடையை ஆட்டாதேங்கோ ஐயா."

நான் ஆட்டவில்லை. அது தானாக ஆடியது. துளையிடும் கருவி எலும்புக்குள் நிற்கிறது என்ற நினைப்பு வந்ததும் கையை உயர்த்தினேன்.

"பிறகும் பகிடி," என்றார் தாதி.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவியை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அது தண்ணீரில் தோய்த்தது போல் நனைந்திருந்தது. துணியை விலக்கி, மறுபடி விரலில் குத்தினார். அவருடைய முகம் மாறியது.

"உண்மையைச் சொல்லுங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

விறைத்த நாக்கால், "காகம் சாப்பிட்டது," என்றேன்.

வெளியே காத்திருந்த மனைவியை உள்ளே கூப்பிட்டார்கள். "விசரோ உங்களுக்கு? நான் அவிச்ச இடியப்பத்தைக் காகம் திண்டுதோ?" என்றபடி குளுக்கோஸ் தண்ணீரைக் கரண்டியால் என் இடக்கடைவாயில் ஊற்றினாள். பாதி சேட்டில் ஓடியது. கீறிய முரசைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்த டாக்டர், "சீனி ஏறாட்டி தையலைப் போட்டு மூடிடுவன்," என்றார்.

மூன்றாவது முறை விரலில் குத்தி, சீனி ஏறியதைக் கண்டபின்தான் டாக்டரின் தோள் தளர்ந்தது. திருகாணி இறங்கியது. "பிடிச்சதோ இல்லையோ எண்டு இப்ப சொல்ல ஏலாது," என்றார்.

அதன்பின் மாதக்கணக்கில், மூன்று வேளையும் நான் விழுங்கும்வரை மனைவி எதிரே இருந்தாள். காகங்கள் மெலிந்துபோயின. எனக்கோ ஒவ்வொரு நாளும் நாக்கு அந்த இடத்தைத் தடவித் தடவிச் சந்தேகப்பட்டது.

கடைசியில் டாக்டர் முரசைத் திறந்து, சாவி போன்ற சின்னத் திறப்பு ஒன்றைத் திருகாணியில் பொருத்தித் திருகிப் பார்த்தார். அது அசைந்தால் எல்லாம் கழற்றி எறியத்தான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"அசையேல்லை," என்றார்.

"டொக்டர், அவரும் அசையேல்லை," என்றாள் மனைவி கதவடியிலிருந்து. "முதல்ல மூச்சை விடச் சொல்லுங்கோ."