நடுவர் குடித்த மோர்

கபடி நடுவர் ஜெயராணி, விசில் ஊதப் போகும் ஊரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டிலும் அதியமான்கோட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவாள். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் டப்பா எடுத்து வருவாளோ என்று வீட்டுக்காரர் அருள்பிரகாஷ் கேலி பேசுவார்.

இந்த விரதத்தை ஆரம்பித்து வைத்தவன் தொப்பூர் தர்மன். லாரி ஓட்டுகிறவன், மாவட்டத்தில் எங்கே கபடி நடந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நிற்பான். ஜெயராணி விசில் பிடித்த புதிதில், வெயில் தாங்காமல் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டாள். அந்த வீட்டுப் பையனின் அணிக்கு ஒரு புள்ளி கொடுத்ததுதான் தாமதம், “மோர் பேசுதுடோய்” என்று தர்மன் குரல் கொடுத்தான். ஊரே சிரித்தது. அவள் கொடுத்தது நியாயமான புள்ளிதான். ஆனாலும் அன்று ஆட்டம் முடிகிறவரை அவள் சொன்ன எதையும் ஒருத்தரும் நம்பவில்லை.

வாரநாட்களில் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர். ஞாயிறு வந்தால் விசில். அகில இந்திய நடுவர் தேர்வு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கேமரா வந்தது. சங்கச் செயலாளர் பெரியண்ணன் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்: இனி கம்பத்தில் கட்டிய கேமராக்கள் பார்க்கும், லேப்டாப் தீர்ப்புச் சொல்லும், இத்தனை நடுவர்களுக்கு வேலை இருக்காது, விசில் தேர்வா, லேப்டாப் பயிற்சியா, மாதா கோயில் திருவிழா ஆட்டம் முடிந்ததும் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள். ஜெயராணிக்கு லேப்டாப் நாற்காலி பிடிக்கவில்லை. யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லாத ஆள் உட்காருகிற இடம் அது என்று நினைத்தாள்.

திருவிழாவின் இறுதி ஆட்டம் உள்ளூர் அணிக்கும் சித்தேரி மலை அணிக்கும். லேப்டாப்பில் சுசித்ரா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சேலத்தில் இன்ஜினியரிங் படித்தவள், மரியாதை தெரிந்த பெண். முதல் பாதியில் ஜெயராணி அவுட் கொடுத்த ஒருவனை லேப்டாப் உள்ளே அனுப்பியது. எல்லோரும் பார்க்க வைத்திருந்த பெரிய திரையில் பார்த்தபோது லேப்டாப் சொன்னதுதான் சரி. முன்பெல்லாம் இப்படித் தவறினால் நாலு பேர் சட்டையை மடித்துக்கொண்டு வருவார்கள். அன்று அவளை ஒருத்தரும் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

இடைவேளையில் உள்ளூர் அணித் தலைவனின் அம்மா ராஜமேரி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். இப்போதுதான் எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொள்கிறதே, குடித்தால் என்ன என்று கேட்டாள். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஜெயராணி மைதானத்து ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று குடித்தாள். தர்மன் பக்கத்தில்தான் நின்றான். அவனும் மற்றவர்களைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி ரைடு. இரண்டு பக்கமும் சமபுள்ளி. ரைடு போன உள்ளூர்ப் பையனைச் சித்தேரிக்காரர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். புழுதிக்குள்ளிருந்து அவன் கை நடுக்கோட்டை நோக்கி நீண்டது. தொட்டான் என்றது லேப்டாப். உள்ளூர்க்காரர்கள் துள்ளிக் குதிப்பதற்குள் தர்மன் கத்தினான்.

“அந்தப் பொண்ணு காத்தால ராஜமேரி வூட்டுலதான் இட்லி தின்னுச்சு. இட்லி பேசுதுடோய்.”

அவ்வளவுதான். லேப்டாப்பில் என்ன தட்டினாய் என்று கூட்டம் சுசித்ராவைச் சுற்றிக்கொண்டது. மெஷின்தான் சொல்கிறது என்று அவள் எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை. பிறகு சித்தேரித் தலைவன் தங்கராஜ், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயராணியிடம் வந்தான். அக்கா சொன்னால் கட்டுப்படுகிறோம் என்றான்.

ஜெயராணி கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பையனின் விரல் பட்டதைக் கண்ணாரப் பார்த்திருந்தாள். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் வயிற்றில் ராஜமேரி வீட்டு மோர் இருந்தது, அது ராஜமேரியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

“பையன் தொட்டாங்க. நான் பாத்தேன். ஆனா நானும் அவுங்க வூட்டு மோர் குடிச்சிருக்கேன். அதையும் தெரிஞ்சுக்கிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

சரிங்கக்கா என்று தோல்வியை ஒப்புக்கொண்ட தங்கராஜ், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தன் ஆட்களைக் கூப்பிட்டான்.

கூட்டம் கலைந்தபின் தர்மன் அவளிடம் வந்தான். “மோர் குடிச்சத நானே பாக்கல. சொல்லாம வுட்டிருந்தா யாருக்குங்க தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாதுங்க. அதான் சொன்னேன்.”

அதற்குள் பெரியண்ணன் பேனாவோடு வந்து நின்றார். விசிலுக்குத்தானே என்று கேட்டபடியே எழுதப் போனார். ஜெயராணி லேப்டாப் இருந்த மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“லேப்டாப்புக்கே எழுதிக்கங்க. சோத்த மட்டும் எங்க வூட்டுல இருந்து கட்டிட்டு வந்துடறேன்.”