மண்ணெண்ணெயில் குளிர்ந்த பெட்டி

மண்ணெண்ணெய்ப் புகையின் காரமும், கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த பழைய ரப்பரின் நெடியும் கலந்த ஒரு வாசனையோடுதான் அந்தக் குளிர்ப்பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் தெருவுக்கு இன்னும் மின்சாரம் வந்திருக்கவில்லை. நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட் பங்களாவில் ஓடாமல் கிடந்ததை லாரி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, கேட்டு வாங்கி, வைக்கோல்மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். அடியில் திரிவிளக்கு எரிய, அந்தச் சூட்டினால் உள்ளே குளிரும் என்பதை ஒருவரும் நம்பவில்லை. "எங்க மச்சான் அடுப்பப் பத்தவெச்சு ஐஸ் பண்ணப் போறாருங்க, வந்து பாருங்க" என்று மாமாவே தெருவைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு அது சிரிப்பாக இல்லை. பதினொரு வயது வசந்தா அக்காவுக்குச் சர்க்கரை நோய். தினமும் அப்பாவேதான் இன்சுலின் ஊசி போடுவார். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியதால், ஈர மணல் நிரப்பிய பானைக்குள் குப்பியைப் புதைத்து வைத்திருந்தோம். சித்திரை வெயிலுக்குப் பானை தாங்காது என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார்.

பெட்டிக்கு இடம் பார்த்தது அம்மா. "நெருப்பு எரியற சாமானுங்க, 'அக்கினி மூலை'யிலதான் இருக்கோணும்" என்று, தென்கிழக்கில், விறகடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தவைத்தார். அப்பா திரியை மாற்றினார், புகைக்குழாயில் அடைந்திருந்த கரியைச் சுரண்டினார், சுடர் மஞ்சளிலிருந்து நீலமாகும்வரை திருகிப் பார்த்தார், பெட்டி குளிரவில்லை. பங்களாச் சமையல்காரர் சொன்னதாக மாமா சொன்ன வைத்தியத்தின்படி ஒரு நாள் முழுக்க அதைத் தலைகீழாக நிறுத்தினார், அப்போதும் இல்லை. கடைசியில், அதன் தலைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நிற்பதைக் கண்டுதான் புரிந்தது. எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சமையலறைத் தரையைக் கழுவிவிடத் தோதாக ஒரு பக்கம் சரிவாக 'வாட்டம்' கொடுத்தே போடுவார்கள். அந்தப் பெட்டியோ சமமாக நின்றால்தான் குளிரும். அம்மாவின் பேச்சை மீறி முன்னறைக்கு நகர்த்தி, அடியில் மரச்சில்லு சொருகிச் சமன்செய்தார். மறுநாள் காலை ஐஸ் பிடித்திருந்தது.

அக்கா ஒரு கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு, "இதெத் திங்கலாமாங்கப்பா?" என்று கேட்டாள். "எத்தனெ வேணாலும் தின்னு சாமி" என்றார் அப்பா. அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றே குப்பியை மணலிலிருந்து எடுத்து, பெட்டியிலேயே மிகக் குளிர்ந்த இடம் என்று ஐஸ் அறைக்குள் வைத்தார். காலையில் அது கட்டியாக இறுகியிருக்கும். அம்மா உள்ளங்கையில் வைத்து உருக்கித் தருவார்.

சில நாளில் அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள், சோர்ந்து சோர்ந்து படுத்தாள். மாம்பழக் காலம். அம்மா அவளை எழுப்பி நிறுத்தி, "வாயெத் தொற" என்று முகர்ந்து பார்த்தார். பழ வாசம் அடித்தது.

"திருட்டுத்தனமாத் தின்னுபோட்டு எங்கிட்டயே பொய் சொல்றயா?"

"இல்லீங்கம்மா. சத்தியமா ஒண்ணுந் திங்குலீங்க."

"ஒரு பழந்தானே, உடு அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார் மாமா. அவள்மேல் பிரியமாக இருந்த மாமாவும்கூட அவளை நம்பவில்லை. அன்று பூராவும் அம்மா அவளோடு பேசவில்லை.

மறுநாள் எழுப்பியபோது அவளுக்கு நினைவு இல்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமலே போனாள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது என்றும், மருந்து கிடைக்காத உடம்பிலிருந்து அப்படித்தான் பழ வாசம் வரும் என்றும் டாக்டர் அப்பாவுக்கு விளக்கினார். பானையே போதுமாயிருந்திருக்கும் என்றும் சொன்னார். முன்பு சொல்ல நேரமில்லாமல் போனதையெல்லாம் அன்று நிதானமாகச் சொன்னார்.

பெட்டியை மாமா திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி என்றால் விளக்கிச் சொல்லவேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லை. ஊரைச் சுற்றி மாந்தோப்புகள் மட்டும் இருக்கின்றன.

என் மகனுக்கு அக்காவின் வயதாகிறது. அவனுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனாலும் அவன் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடித்தால் பக்கத்தில் கூப்பிட்டு முகர்ந்து பார்த்துவிடுகிறேன். நேற்றும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் ஒண்ணுமே திங்கலப்பா" என்றான்.

"தெரியும் சாமி" என்றேன். எங்கள் வீட்டில் அதை ஒருவர் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.